ஆபிரகாம் லிங்கனும் அவர்தம் மந்திரி சபையும்

நம் பாரத நாட்டிலும் ஜனாதிபதி உண்டு. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் ஜனாதிபதி உண்டு. பதவியின் பெயர் ஒன்றாயினும் பொறுப்பு ஒன்றன்று. அமெரிக்க மந்திரி சபை கூடியது என்று பத்திரிகையிற் கண்ட நம் வீட்டுப் பிள்ளைகள், அங்கே பிரதம மந்திரி யார் என்று வினவுவது இயல்பே. அப்படி ஒருவர் அங்கு இல்லை என்றால் வியப்படைகின்றனர். பிரதம மந்திரி இல்லாமல் ஒரு மந்திரி சபை எங்ஙனம் இயங்கும்? இதனை அரசியல் நூல்களைக் கொண்டு விளக்குவதினும், அச்சபையின் தலைமையில் அமர்ந்து அரும்பாடுபட்ட ஒரு பெரியாரின் வாழ்க்கையைக் கொண்டு விளக்குவதே எளிது. அப்பெரியார் ஆபிரகாம் லிங்கன்.

முதற்கண் இரு முறைகளுக்கும் உள்ள வேற்றுமையைச் சுருங்கக் கூறுவோம். நம் நாட்டில் ஜனாதிபதி மந்திரி சபையின் ஆலோசனைப்படி நடப்பவர். மந்திரிகள் பாராளுமன்றத்தின் அங்கத்தினர்கள். அங்கத்தினரல்லாத ஒருவர் மந்திரியானால் ஆறு மாதங்களுக்குள் அங்கத்தினராக வேண்டும். மந்திரி சபை முழுவதும் லோக் சபைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. லோக் சபையின் நம்பிக்கையை இழந்தால் எல்லா மந்திரிகளும் ஒருங்கே விலக வேண்டியதுதான்.

அமெரிக்காவில் முறை வேறு. அங்கே ஜனாதிபதி நான்காண்டுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்படுகிறார். ஆட்சியதிகாரம் முழுவதும் அவர் ஒருவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. இலாகாத் தலைவர்களை அவரே பொறுக்கி எடுக்கிறார்; செனட் சபையின் சம்மதத்தின்மேல் நியமிக்கிறார். இவர்களை அந்நாட்டார் பெரும்பாலும் காரியதரிசிகள் என்றே அழைப்பர். அந்நாட்டுப் பாராளுமன்றத்துக்குக் காங்கிரஸ் என்று பெயர். நம் நாட்டுக் கட்சியோடு அதனை மயங்குதல் கூடாது. அக்காங்கிரசின் அங்கத்தினராக இருப்பவர் மந்திரியாதல் இயலாது; மந்திரியாக விரும்பினால் அங்கத்தினர் பதவியைத் துறக்க வேண்டும். மந்திரி ஒருவரைப் பிடிக்காவிடில் ஜனாதிபதி நீக்கலாம். மந்திரிகள் அனைவரும் சேர்ந்து ஒன்றை மறுத்தாலும், ஜனாதிபதி அதனைச் செய்ய நினைத்தால் செய்யலாம்.

1787ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட அந்நாட்டு அரசியல் சட்டம், மந்திரி சபை என ஒன்றை ஏற்படுத்தவே இல்லை என்பது பலருக்குப் புதுமையாகத் தோன்றும். இலாகாத் தலைவர்களிடம் அவரவர் அலுவல் பற்றி எழுத்து மூலம் அபிப்பிராயம் கேட்கலாம் என்று மட்டுமே அது ஜனாதிபதிக்கு உரிமை தருகிறது. முதல் ஜனாதிபதியாகிய ஜார்ஜ் வாஷிங்டன், ஜெபர்சன், ஹாமில்டன், நாக்ஸ், ராண்டால்ப் என்னும் நால்வரையும் 1791 முதல் ஒன்றாகக் கூட்டி ஆலோசிக்கலானார். அவ்வழக்கமே மந்திரி சபையாக வளர்ந்தது. இன்று அந்நாட்டில் 15 இலாகாக்கள் உள்ளன.

காரியாலயங்களிற் பணி புரிவோர்க்கு இதனை ஓர் உவமையால் விளக்கலாம். கோப்பிலே குறிப்பு எழுதுவோர் பலர்; இறுதியில் உத்தரவின்கீழ்க் கையெழுத்திடுபவர் ஒருவர். குறிப்பு எவ்வளவு சிறந்ததாயினும் உத்தரவாகாது. உத்தரவு பிழையாயின் பழி கையெழுத்திட்டவரையே சாரும். அமெரிக்க மந்திரிகள் குறிப்பு எழுதுவோர், ஜனாதிபதி கையெழுத்திடுபவர். எனினும் குறிப்பெழுதுவோரை அவர் எவ்வாறு தேர்ந்தெடுக்கிறார், எவ்வளவு செவிசாய்க்கிறார் என்பதிலேதான் நாட்டின் நன்மை அடங்கியிருக்கிறது. லிங்கனுடைய வரலாறு இதற்குச் சான்று.

மரக்குடிசையிலிருந்து

லிங்கன் 1809ஆம் ஆண்டு பிப்ரவரி 12ஆம் நாள் கெண்டக்கி மாநிலத்தில் ஒரு மரக்குடிசையிற் பிறந்தார். தந்தை தாமஸ் குடியானவர். தச்சு வேலையும் தெரிந்தவர். இண்டியானாவிற் குடியேறியபின், லிங்கனுக்கு ஒன்பது வயதாயிருக்கையில் தாய் நான்சி இறந்தார். பின்னர் வந்த மாற்றாந்தாய் சாரா அவரைப் பெற்ற பிள்ளை போலவே பேணி வளர்த்தார். லிங்கன் பள்ளிக்கூடத்திற் கற்ற காலமெல்லாம் கூட்டினாலும் ஓராண்டுக்கு மேற்படாது. கோடரி பிடித்தார், படகு ஓட்டினார், கடை வைத்துக் கடன்பட்டார், நியூ சேலம் என்னும் சிற்றூரில் தபால் அதிகாரியாக இருந்தார், நில அளவையும் செய்தார். சட்டத்தைத் தாமே படித்துத் தேறி, 1837இல் ஸ்பிரிங்பீல்டு நகரில் வக்கீலாக அமர்ந்தார்.

ரயில்வேயில் உழைக்கும் குடும்பங்களுக்கு அவர் நடத்திய ஒரு வழக்கு சுவையாக இருக்கும். மிசிசிப்பி ஆற்றின் குறுக்கே ராக் ஐலண்டு என்னுமிடத்திற் கட்டிய ரயில் பாலத்தின்மீது 1856இல் நீராவிக் கப்பல் ஒன்று மோதியது. பாலமே ஆற்றுப் போக்குவரத்துக்குத் தடை என்று கப்பல்காரர் வழக்குத் தொடுத்தனர். மறு ஆண்டில் பாலக் கம்பெனியின் சார்பில் வாதாடியவர்களுள் லிங்கன் ஒருவர். வடக்கும் தெற்கும் செல்ல ஆற்றுக்கு உரிமை உண்டென்றால், கிழக்கும் மேற்கும் செல்ல ரயிலுக்கும் உரிமை உண்டு என்பது அவர் வாதத்தின் கருத்து. ஜூரிகள் ஒரு முடிவுக்கு வராமற் கலைந்தனர், பாலம் நிலைத்தது.

அந்நாளில் அமெரிக்காவில் ஏறத்தாழ 40 லட்சம் நீக்ரோ மக்கள் அடிமைகளாக வாழ்ந்தனர். அடிமை முறை புதிய பிரதேசங்களிற் பரவலாகாது என்று வாதாடிய குடியரசுக் கட்சி 1854இல் தோன்றியது. லிங்கன் அதிற் சேர்ந்தார். 1858இல் ஸ்டீபன் டக்ளஸ் என்பவரோடு ஏழு ஊர்களில் எதிரெதிர் நின்று வாதம் புரிந்து நாடறிந்தவரானார். ஆயினும் செனட் பதவி டக்ளசுக்கே கிட்டியது.

போட்டியாளரே மந்திரிகள்

1860 மே மாதம் சிகாகோ நகரிற் கூடிய கட்சி மகாநாட்டில், ஜனாதிபதி அபேட்சகராக நியூயார்க்கின் செனட்டர் வில்லியம் சீவார்டே தேர்ந்தெடுக்கப்படுவார் என்று யாவரும் எண்ணினர். ஒஹையோவின் சால்மன் சேஸ், மிசௌரியின் முதியவர் எட்வர்ட் பேட்ஸ், பென்சில்வேனியாவின் சைமன் காமரன் ஆகியோரும் போட்டியிட்டனர். மூன்றாம் முறை வாக்கெடுப்பில் இவர்கள் எல்லாரையும் கடந்து லிங்கன் வென்றார். நவம்பர் தேர்தலிலும் வெற்றி பெற்றார். எனினும் நால்வர் போட்டியிட்ட அத்தேர்தலில் அவருக்குக் கிடைத்தவை நூற்றுக்கு நாற்பது வாக்குகளே. அவர் பதவி ஏற்பதற்கு முன்னரே ஏழு தென் மாநிலங்கள் பிரிந்து சென்று தனி அரசு அமைத்துக்கொண்டன.

இந்நிலையில் வேறொருவராயின் தமக்குத் தலையாட்டும் நண்பர்களையே மந்திரிகளாக்கியிருப்பார். லிங்கனோ தம்மோடு போட்டியிட்ட நால்வரையுமே அழைத்தார். சீவார்டு வெளிநாட்டு இலாகாவையும், சேஸ் நிதியையும், காமரன் யுத்த இலாகாவையும், பேட்ஸ் சட்டத்தையும் ஏற்றனர். கடற்படைக்குக் கிடியன் வெல்ஸ், தபாலுக்கு மாண்ட்கோமரி பிளேர், உள்நாட்டு இலாகாவுக்குக் கேலப் ஸ்மித் என எழுவர் அமைந்தனர். வெல்சும் பிளேரும் முன்னர் எதிர்க்கட்சியாகிய ஜனநாயகக் கட்சியில் இருந்தவர்கள். புதிய கட்சியின் பல பிரிவினரையும், அடிமை முறையிருந்தும் பிரியாது நின்ற எல்லை மாநிலத்தாரையும் அணைத்துக்கொண்டாலன்றி நாடு பிழைக்காது என்பது லிங்கனின் கணக்கு.

முதற் சோதனை

1861 மார்ச் 4ஆம் நாள் பதவி ஏற்றார். தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் சம்டர் என்றொரு கோட்டை. அதனுள் இருந்த சர்க்கார் படையினர்க்கு உணவு தீரும் தறுவாயில் இருந்தது. உணவு அனுப்பினால் போர் மூளலாம். அனுப்பாவிடில் கோட்டை கைவிட்டுப் போகும். மார்ச் 15ஆம் நாள் லிங்கன் ஒவ்வொரு மந்திரியிடமும் எழுத்து மூலம் அபிப்பிராயம் கேட்டார். அரசியல் சட்டம் கூறிய அந்தச் சிறு வாசகம் எத்துணைப் பெரிய காரியத்துக்குப் பயன்பட்டது, காண்மின்! ஐவர் அனுப்ப வேண்டா என்றனர். சேஸ் தயக்கத்தோடு இசைந்தார். பிளேர் ஒருவரே உறுதியாக ஆதரித்தார். லிங்கன் உடனே முடிவு செய்யவில்லை. இரு வாரம் விசாரித்து மீண்டும் கேட்டார். அப்பொழுது பெரும்பாலோர் கருத்து மாறியிருந்தது. உணவுக் கப்பல்கள் புறப்பட்டன. ஏப்ரல் 12ஆம் நாள் தென்னாட்டார் கோட்டையைச் சுட்டனர். உள்நாட்டுப் போர் தொடங்கிற்று.

இதனிடையே ஏப்ரல் 1ஆம் நாள் சீவார்டு ஒரு குறிப்பை ஜனாதிபதியிடம் கொடுத்தார். சர்க்காருக்குத் திட்டமான கொள்கை இல்லை என்றும், யாரேனும் ஒருவர் பொறுப்பேற்று நடத்த வேண்டும் என்றும், தாம் அதற்குப் பின்வாங்குபவர் அல்லர் என்றும் தோன்ற எழுதியிருந்தார். ஏறக்குறைய பிரதம மந்திரி பதவியையே அவர் கோரினார் எனலாம். லிங்கன் அன்றே மறுமொழி வரைந்தார். செய்ய வேண்டியது எதுவாயினும் அதனைத் தாமே செய்ய வேண்டும் என்பதும், மந்திரிகள் அனைவரின் ஆலோசனையும் தமக்கு வேண்டும் என்பதும் அதன் சாரம். சீவார்டை அவர் அவமதிக்கவுமில்லை, நீக்கவுமில்லை. நாளடைவில் சீவார்டு அவருடைய நெருங்கிய நண்பரானார்.

யுத்த இலாகாவிற் காமரனின் நிர்வாகம் சீர்கெட்டது. கொள்முதல் ஊழல்கள் பற்றிய புகார்கள் பெருகின. 1861 டிசம்பரில் அவர், அடிமைகளுக்கு ஆயுதம் தர வேண்டும் என்ற பகுதியை ஜனாதிபதியின் அனுமதியின்றித் தம் அறிக்கையிற் சேர்த்து வெளியிட்டார். லிங்கன் அதனைத் திரும்பப் பெறச் செய்தார். மறுமாதம் காமரனை ரஷ்யாவுக்குத் தூதராக அனுப்பிவிட்டார். அவ்விடத்துக்கு வந்தவர் எட்வின் ஸ்டாண்டன். இவர் 1855இல் ஒரு வழக்கில் லிங்கனோடு ஒரே பக்கத்திற்கு அமர்த்தப்பட்டும், அவரை நாட்டுப்புறத்தார் என ஒதுக்கி வாதாடவொட்டாமற் செய்தவர், கட்சியாலும் மாறுபட்டவர். தம்மை அவமதித்தவர் என்பதை லிங்கன் நோக்கவில்லை. இரவு பகல் பாராது உழைப்பவர் என்பதையே நோக்கினார். ஸ்டாண்டனின் கண்டிப்பு அவ்விலாகாவைத் திருத்தியது.

விடுதலைப் பிரகடனம்

1862 ஜூலை 22ஆம் நாள் மந்திரி சபை கூடியது. கலகம் செய்யும் மாநிலங்களில் உள்ள அடிமைகள் அனைவரும் விடுதலை பெறுவர் என்ற பிரகடனத்தின் நகலை லிங்கன் படித்தார். விடுதலை அளிப்பதா வேண்டாமா என்று அவர் அவர்களைக் கேட்கவில்லை. அம்முடிவைத் தாம் செய்துவிட்டதாகவே தெரிவித்தார். வாசகம் பற்றியும் காலம் பற்றியும் மட்டும் ஆலோசனை வேண்டினார். தேர்தலில் தோல்வி நேரும் என்று பிளேர் அஞ்சினார். சீவார்டு ஒரு நுட்பமான யோசனை கூறினார்: போர்க்களத்தில் தோல்விமேல் தோல்வி வரும் வேளையில் வெளியிட்டால் இது கையாலாகாதவரின் கூக்குரல் போலத் தோன்றும், ஒரு வெற்றி கிடைத்தபின் வெளியிடுவதே தகும் என்றார். லிங்கன் இதனை ஏற்று நகலை மடித்து வைத்தார்.

செப்டம்பர் 17இல் அன்டீடம் என்னுமிடத்திற் கடும்போர் நடந்தது. தென்னாட்டுப் படை பின்வாங்கியது. 22ஆம் நாள் மந்திரிகள் மீண்டும் கூடினர். லிங்கன் முதலில் ஒரு நகைச்சுவை நூலிலிருந்து ஒரு பகுதியைப் படித்துச் சிரித்தார். பின்னர் முகம் மாறிப் பிரகடனத்தை எடுத்தார். 1863 ஜனவரி 1ஆம் நாள் அது முழு வலிமையுடன் நடைமுறைக்கு வந்தது. முடிவு அவருடையது; ஆனால் அது உரிய வேளையில் வந்தமைக்கு ஒரு மந்திரியின் அறிவுரை காரணம். இவ்விரண்டையும் சேர்த்துப் பார்ப்பவர்க்கே அம்முறையின் உயிர்நாடி விளங்கும்.

செனட்டர்களின் படையெடுப்பு

1862 டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க் போரில் வடநாட்டுப் படையில் 12,000 பேருக்கு மேல் மடிந்தும் காயமுற்றும் சிறைப்பட்டும் போயினர். நாடு கொதித்தது. சீவார்டே ஜனாதிபதியை ஆட்டி வைக்கிறார், ஏனைய மந்திரிகளைக் கலந்து ஆலோசிப்பதே இல்லை என்று சேஸ் செனட்டர்களிடம் இரகசியமாகக் குறை கூறி வந்தார். அவர்கள் தம்முள் ஒன்பதின்மரைத் தேர்ந்து ஜனாதிபதியிடம் அனுப்பினர். சீவார்டை நீக்க வேண்டும், மந்திரி சபையின் கூட்டு முடிவின்படியே ஆட்சி நடைபெற வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. இதனை அறிந்த சீவார்டு முன்னரே ராஜினாமாவை அனுப்பிவிட்டார்.

நம் நாட்டு முறையில் இக்கோரிக்கை தவறன்று. அந்நாட்டு முறையிலோ, இதற்கு இணங்கினால் மக்கள் தேர்ந்தெடுத்த ஜனாதிபதி பெயரளவில் மட்டுமே இருப்பார். லிங்கன் வாதாடவில்லை. டிசம்பர் 19ஆம் நாள் இரவு செனட்டர்கள் வந்தபோது, சீவார்டு நீங்கலாக மந்திரிகள் அனைவரையும் அங்கே அமர்த்தியிருந்தார். முக்கிய விஷயங்களிற் கலந்து ஆலோசனை நடப்பது உண்மைதானா என்று எல்லார் முன்னிலையிலும் வினவினார். சேஸ் இக்கட்டில் அகப்பட்டார். இல்லை என்றால் உடனிருந்த மந்திரிகள் மறுப்பர். ஆம் என்றால் செனட்டர்களிடம் கூறியது பொய்யாகும். பெரும்பாலும் ஆலோசனை நடப்பதுண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. வெட்கமுற்ற சேஸ் மறுநாள் தம் ராஜினாமாவைக் கொண்டுவந்தார். லிங்கன் அதனை ஆவலோடு வாங்கிக்கொண்டார். சீவார்டின் கடிதம் ஒரு கையில், சேஸின் கடிதம் மறு கையில். ஒருவரை விலக்கினால் ஒரு பிரிவினர் பகையாவர். இரண்டையும் ஏற்க மறுத்து இருவரையும் பணியில் இருக்கச் செய்தார். குதிரை மேல் போட்ட சாக்கில் இரு புறமும் ஒவ்வொரு பூசணிக்காய் இருந்தால் சவாரி சாயாது என்பது அவர் வேடிக்கையாகச் சொன்ன கருத்து.

மந்திரி சபை செவ்வாயும் வெள்ளியும் கூடுவது வழக்கம் எனினும், அவ்வழக்கம் ஒழுங்காக நடந்ததில்லை. முறையான விவாதம் குறைவு என்று வெல்சும் பேட்சும் தம் நாட்குறிப்புகளில் வருந்தியுள்ளனர். இக்குறையையும் மறைத்தல் தகாது. அங்கே மந்திரி சபை என்பது ஜனாதிபதியின் இயல்புக்கு ஏற்ப வளைவதே.

1864இல் சேஸ் மீண்டும் ராஜினாமாவை நீட்டினார். இம்முறை லிங்கன் ஏற்றுக்கொண்டார். ஆயினும் அவ்வாண்டின் இறுதியில் அதே சேஸை அந்நாட்டின் பிரதம நீதிபதியாக நியமித்தார். கட்சியின் ஒற்றுமைக்காகப் பிளேரை விலகுமாறு கேட்டபோது அவர் மனக்கசப்பின்றி விலகினார். அவ்வாண்டு ஆகஸ்டு 23ஆம் நாள் லிங்கன் ஒரு மடித்த தாளை நீட்டி, உள்ளே இருப்பதைக் காட்டாமலே அதன் பின்புறம் மந்திரிகளின் கையொப்பம் வாங்கினார். தாம் தேர்தலில் தோற்பது உறுதிபோலத் தோன்றுகிறதென்றும், தோற்றால் புதியவர் பதவி ஏற்குமுன் அவரோடு ஒத்துழைத்து நாட்டைக் காப்பதே கடமை என்றும் அதில் எழுதியிருந்தார். நவம்பரில் வெற்றி கிடைத்தபின் அதனைப் பிரித்துக் காட்டினார். படிக்காமற் கையெழுத்திட்டனர் என்பது அவர்மீது அவர்கள் கொண்ட நம்பிக்கையின் அளவு.

அவர் பணிந்து போனதும் உண்டு. 1865 பிப்ரவரி 5ஆம் நாள், போரை விரைவில் நிறுத்தினால் அடிமை முறையிருந்த மாநிலங்களுக்கு 40 கோடி டாலர் ஈடு தரலாம் என்ற திட்டத்தை மந்திரிகள்முன் வைத்தார். எல்லாரும் ஒரு முகமாக மறுத்தனர். சட்டப்படி அவர் அதனைக் காங்கிரசுக்கு அனுப்பியிருக்கலாம். அனுப்பவில்லை, மந்திரிகள் மறுத்த செய்தியைத் தாளில் எழுதி வைத்துவிட்டார்.

இறுதிக் கூட்டம்

போர் முடிவுற்றது. 6 லட்சத்துக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின. 1865 ஏப்ரல் 14, வெள்ளிக்கிழமை, மந்திரி சபை கூடியது. தளபதி கிராண்டும் வந்திருந்தார். வண்டி விபத்திற் காயமுற்ற சீவார்டுக்குப் பதில் அவர் மகன் அமர்ந்தார். தோற்ற மாநிலங்களை எங்ஙனம் மீண்டும் சேர்த்துக்கொள்வது என்பதே பேச்சு. பழி வாங்கலில் லிங்கனுக்கு விருப்பமில்லை. அன்றிரவு நாடகக் கொட்டகையில் அவர் சுடப்பட்டார். மறுநாட் காலை உயிர் நீத்தார். படுக்கையருகே நின்று இரவெல்லாம் உத்தரவுகள் பிறப்பித்தவர், ஒரு காலத்தில் அவரை ஒதுக்கிய ஸ்டாண்டன். படுக்கையிற் கிடந்த சீவார்டையும் அன்றிரவே ஒருவன் கத்தியாற் குத்தினான், அவர் பிழைத்தார். லிங்கனின் உடலையும், 1862இல் இறந்த அவர் இளமகன் வில்லியின் பேழையையும் தாங்கிய ரயில் ஏறத்தாழ 1,650 மைல் கடந்து மே 3ஆம் நாள் ஸ்பிரிங்பீல்டை அடைந்தது. வழி நெடுகிலும் தண்டவாளத்தின் இரு மருங்கும் மக்கள் நின்று கண்ணீர் சொரிந்தனர். அவ்வாண்டு டிசம்பரில், அடிமை முறையை நாடெங்கும் ஒழிக்கும் பதின்மூன்றாம் சட்டத்திருத்தம் நிறைவேறியது.

லிங்கனுக்குப்பின் ஜனாதிபதியான ஆண்ட்ரூ ஜான்சன் அதே ஸ்டாண்டனை நீக்க முயன்றார். செனட்டின் சம்மதமின்றி நீக்கலாகாது என்று காங்கிரஸ் அதற்கு முன்னரே ஒரு சட்டம் செய்திருந்தது. 1868இல் ஜான்சன்மீது குற்ற விசாரணை நடந்தது. ஒரே ஒரு வாக்குக் குறைந்தமையால் அவர் பதவி தப்பியது. பிற்காலத்தில் அச்சட்டமும் நீங்கியது. மந்திரிகளின் வாக்குக்கு அரசியல் சட்டம் நேரே வலிமை தந்தது 1967ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான்: ஜனாதிபதி கடமையாற்ற இயலாதவராயின், உபஜனாதிபதியும் இலாகாத் தலைவர்களிற் பெரும்பாலோரும் சேர்ந்து அதனைக் காங்கிரசுக்கு அறிவிக்கலாம். மற்றப்படி அவர்கள் இன்றும் குறிப்பெழுதுவோரே.

எம்முறை சிறந்தது என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. நம் முறையில் தவறான மந்திரி சபையைச் சட்டசபை இடையிலேயே இறக்கிவிடலாம். அங்கே நான்காண்டு காத்திருக்க வேண்டும். அதனாலேயே, அந்த ஒற்றை நாற்காலியில் அமர்பவர் தம்மைச் சுற்றி யாரை வைத்துக்கொள்கிறார் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையாகிறது. வள்ளுவர் பெரியாரைத் துணைக்கோடல் என்று ஓர் அதிகாரமே வகுத்தது இக்கருத்துப் பற்றியன்றோ? லிங்கன் தம்மினும் கற்றோரையும், தம்மை எள்ளியோரையும், தம் பதவியை விரும்பியோரையும் ஒரே மேசையைச் சுற்றி அமர்த்தினார். அவர்கள் சொல்லைப் பொறுமையோடு கேட்டார். முடிவைத் தாமே செய்தார். பழி வந்தபோது எந்த மந்திரியின் தலையிலும் அதனை ஏற்றவில்லை. ஊர் விட்டு ஊர் வந்து ஒரு காலனியில் கூடி வாழும் நாமும் சங்கம் நடத்துகிறோம். காரியக் கமிட்டி கூட்டுகிறோம். மாறுபட்டுப் பேசுபவரைப் பகைவர் என்று ஒதுக்காமல் பக்கத்தில் அமர்த்திக்கொள்ளும் அப்பெரியாரின் பண்பு நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் வாய்ப்பதாகுக.